திறக்காத மெசேஜ்

அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஏதோ கம்பெனி கேன்டீனில் சமையல் வேலையாம். உட்கார்ந்ததிலிருந்து ஒரே எண்ணுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

“எம்புள்ள தாம்பரத்துல ரூம் எடுத்து கீறான். ரெண்டு நாளா போனே எடுக்க மாட்றான்.”

அவர் போன் திரையைப் பார்த்தேன். “மெசேஜ் வந்திருக்கே, பாக்கலையாம்மா?”

“அத்தெல்லாம் நான் தொறக்கறதே இல்ல. முக்கியம்னா வாயால சொல்ல மாட்டானா? இன்னா கீதுன்னு நீயே படி.”

முக்கியமானதைத்தான் எங்கள் வயதுக்காரர்கள் மெசேஜில் போடுவோம் என்று சொல்ல நினைத்தபடியே படித்தேன்.

“அம்மா, பேசறதுக்கு பயமா இருக்கு. புதன்கிழமை காலைல ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எனக்குக் கல்யாணம். நீ வரணும். வரலைன்னா உனக்கு இஷ்டமில்லன்னு நெனச்சுக்குவேன்.”

அன்று வெள்ளிக்கிழமை. கீழே, மாலையும் கழுத்துமாக மகனும் ஒரு பெண்ணும் நிற்கிற போட்டோ.

அவர் அழவில்லை. போட்டோவையே இமைக்காமல் பார்த்தார். பிறகு, “அம்மா இப்பத்தான் பாத்தாங்கன்னு போடு,” என்றார்.

போட்ட அரை நிமிடத்தில் போன் அடித்தது. அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான்.

“அத்த அப்பால பேசிக்கலாம். அந்தப் பொண்ணாண்ட குடு.”

ஆவடி வந்ததால் நான் இறங்கிவிட்டேன். மகனின் கல்யாணம் முடிந்துபோனது தெரிந்த ஐந்தாவது நிமிடத்தில், பேர்கூடத் தெரியாத மருமகளிடம் அவர் என்ன பேசியிருப்பார்? இன்றுவரை என்னால் யூகிக்க முடியவில்லை.