லயமும் லயனமும்

ஜீப் மேட்டில் ஏறவில்லை. வளைவிலேயே நின்று அறிவித்துவிட்டுத் திரும்பிப் போனது. சாந்தன்பாறைப் பக்கத்து ஏலக்காடுகளில் மழைக்காலத்தில் எந்த ஒலிபெருக்கியும் முழு வாக்கியமாக வீடு வந்து சேராது. தகரக் கூரைமேல் விழும் மழை பாதியை எடுத்துக்கொள்ளும். நான் அடுப்படியில் நின்றிருந்தேன். மலையாளத்தில் சொன்னதில் எனக்குக் கிடைத்தவை சில சொற்கள்தான்: ஆரோக்கியம், சப் சென்டர், லயன, ஞாயிறாழ்ச்ச, பள்ளி ஹால், எல்லாவரும் வரணும்.

எஸ்டேட் கட்டிக்கொடுத்த எங்கள் குடியிருப்பை லயம் என்போம். ஒரே கூரை, ஒரே நீளச் சுவர், நடுவில் தடுத்துத் தடுத்து வீடுகள். மலையாளிகளும் அதை லயம் என்றுதான் சொல்கிறார்கள். சப் சென்டரும் லயமும் ஒரே அறிவிப்பில் வந்தபோது அதற்கு என்ன பொருள் என்பதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அரசாங்கம் சப் சென்டரை லயத்துக்குக் கொண்டுவரப் போகிறது. இதில் ஏதோ இருக்கிறது. சந்தேகம் அந்த 'ஏதோ'வில்தான் தொடங்கியது.

சப் சென்டர் என்பது முக்கில் இருக்கும் இரண்டு அறைக் கட்டிடம். அங்கே ஒரு சிஸ்டர் இருக்கிறார். தடுப்பூசி போடுவார், பிரஷர் பார்ப்பார், மாத்திரை கொடுப்பார். மாதத்தில் ஒரு நாள் ஜீப்பில் லயங்களுக்கு வந்து, படுக்கையில் கிடப்பவர்களைப் பார்ப்பார். டாக்டர் வேண்டுமென்றால் கீழே டவுனுக்குப் போகவேண்டும். பெரிதாக ஏதும் வந்தால் போடி மெட்டு இறங்கித் தேனிக்குத்தான்.

மறுநாள் முக்கு டீக்கடையில் பேச்சு அதுவாகத்தான் இருந்தது. கடைக்காரர் பாய். அவர் குடும்பம் பாலக்காட்டிலிருந்து வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டது. எதையும் மறுபக்கம் திருப்பிப் பார்க்காமல் கல்லாப்பெட்டி மேல் வைக்கமாட்டார்.

"நாம கேட்டமா?" என்றார் பாய். "ரோடு கேட்டோம், வரல. தண்ணி கேட்டோம், வரல. கேக்காதது மட்டும் தேடிக்கிட்டு வருதுன்னா, அது நமக்கு வரல. நம்ம எடத்துக்கு வருது."

பெஞ்சில் இருந்த பழைய யூனியன்காரருக்கு அது பிடித்துப்போயிற்று. எழுபதைத் தாண்டியவர். யூனியன் இரண்டாக உடைந்தபோது இரண்டிலும் இருந்ததாகச் சொல்வார்கள்.

"சென்டர் கட்டணும்னா எடம் வேணும். எடம் வேணும்னா கடைசி ஆறு வீட்ட இடிக்கணும். ஆஸ்பத்திரிக்குத்தானன்னு நாமளும் கைய கட்டிக்கிட்டு நிப்போம். அப்புறம் ஆஸ்பத்திரியும் வராது, வீடும் இருக்காது. ரிசார்ட்டு வரும்."

"கடைசி ஆறு வீட்டுல உங்க வீடும் உண்டுல்ல பெரியப்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதுனால சொல்லலப்பா. பொதுவாச் சொல்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. போன மாதம் இரண்டு பேர் மஞ்சள் நாடாவைப் பிடித்துக்கொண்டு லயத்தின் பின்சுவரை அளந்து போனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். யார் என்று கேட்டதற்கு "சும்மா" என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊரில் அரசாங்கம் தருகிற பதில்களிலேயே மிகவும் பயப்படவேண்டியது அந்தச் சொல்தான்.

அந்தப் பேச்சில் சேராதவர் எனக்குப் பக்கத்து வீட்டு மதினி. அவர் கணவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். ஏலக்காட்டில் நிழல் மரத்துக் கிளை கழிக்க ஏறியவர், ஈரப் பாசியில் கால் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சிறுநீருக்கு டியூப் போட்டிருக்கிறது. மாதாமாதம் வரும் சிஸ்டர்தான் அதை மாற்றுவார். ஒரு முறை மண் சரிந்து ஜீப் வராமல் நாள் தள்ளிப்போனது. டியூப் அடைத்து, வயிறு கல் மாதிரி வீங்கி, காய்ச்சலில் பிதற்றத் தொடங்கிவிட்டார். நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து ரோடு வரைக்கும் தூக்கிப் போனோம். அந்த நால்வரில் நானும் ஒருவன். ரோட்டில் வண்டி ஏறும்போது மதினி, "இன்னொரு தடவ இது தாங்காது" என்றார். அண்ணனைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

அதனால் மதினிக்குக் கூட்டத்தில் கேட்பதற்கு இருந்தது ஒரே கேள்விதான். அடுத்த ஜீப் என்றைக்கு?

ஞாயிறு பூசை முடிந்து பள்ளி ஹால் நிறைந்திருந்தது. இங்கே மலையாளத்தில் பள்ளி என்றால் மாதா கோயில். பாயும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பெண்கள் முந்தானைக்குள் ரேஷன் கார்டும் ஆதாரும் வைத்திருந்தார்கள். யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை. வீட்டைக் கேட்டால் காட்டுவதற்கு.

மேடையில் இரண்டு பேர். கீழே டவுனிலிருந்து வந்த சுகாதார அதிகாரி ஒருவர், நடுவயது, நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். இன்னொருவர் எங்கள் வார்டு மெம்பர். மலையாளி. ஆனால் எங்களோடு வளர்ந்தவர், தமிழ் பேசுவார். சிக்கல் என்னவென்றால், ஆபீஸ் சொற்கள் வரும்போது அவர் தமிழ் அங்கேயே நின்றுவிடும்.

அதிகாரி மலையாளத்தில் நெடுநேரம் பேசினார். மெம்பர் சுருக்கினார்.

"சார் என்ன சொல்றாருன்னா, சப் சென்டர் லயனம் நடக்கப்போகுது. லயனத்துனால ஆர்க்கும் ஒரு புத்திமுட்டும் வராது. எல்லா வசதியும் கூடும். ஸ்டாஃப் கூடும். நீங்க லயனத்துக்குச் சம்மதிச்சா மதி."

புத்திமுட்டு என்றால் கஷ்டம், மதி என்றால் போதும். அது எல்லோருக்கும் தெரியும். லயனம் என்பதை லயத்துக்கு ஆபீஸ்காரர்கள் மரியாதையாகச் சொல்கிற பெயர் என்று ஹால் முழுவதும் எடுத்துக்கொண்டது. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். மலையாளம் படிப்பேன், ஆனால் நான் படித்தது பஸ் பலகைகளும் சினிமா போஸ்டர்களும். ஆபீஸ் மலையாளம் வேறு மொழி.

யூனியன்காரர் எழுந்தார். இடுப்பில் கை வைத்தார், பழைய பழக்கம்.

"சார், நேரா ஒரு கேள்வி. எங்க லயத்த எடுப்பீகளா, மாட்டீகளா?"

மெம்பர் அதிகாரியின் காதில் சொன்னார். அதிகாரியின் முகத்தில் நிஜமான ஆச்சரியம் தெரிந்தது.

"லயமோ? அய்யோ, லயம் ஞங்ஙள் தொடில்ல!"

"தொடவே மாட்டாங்களாம்," என்றார் மெம்பர்.

"ஒரு வீடுகூட?"

"ஒரு செங்கல்லுகூட."

ஹால் மூச்சு விட்டது. முந்தானைக்குள் கார்டுகளைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. ஒரு மாதமாகச் சேர்ந்த சந்தேகம் ஒரு வாக்கியத்தில் இறங்கியபோது, அந்த இடத்தில் நன்றி மாதிரி ஒன்று வந்து உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். முன்பு நான் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த காலத்திலும் இதைக் கவனித்திருக்கிறேன். பயந்தது நடக்காது என்று சொன்னதும் மக்கள் வேறு எதையும் கேட்பதில்லை.

"அப்போ சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க," என்றார் மெம்பர்.

கைகள் எழுந்தன. யூனியன்காரர் இரண்டு கையையும் தூக்கினார். என் கையும் பாதி எழுந்தது. பக்கத்தில் மதினியின் கை மடியிலேயே இருந்தது.

அதிகாரி பையை மூடத் தொடங்கினார். மதினி உட்கார்ந்தபடியே கேட்டார்.

"லயத்தத் தொட மாட்டோம்னு சொல்லிட்டாக. சரி. வேற எதத் தொடப்போறாக? அதச் சொல்லலியே."

மெம்பர் சிரித்தார். "ஒண்ணும் தொடல அக்கா. லயனம் மட்டும்தான்."

"அந்த சப் சென்டரு இங்கன எங்க வருது? எந்த வீட்டுப் பக்கம்?"

"இங்க எதுக்கு வரணும்?"

"லயத்துக்குத்தான வருது?"

மெம்பர் மேடையில் நின்றபடி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்குத்தான் முதலில் புரிந்தது. அவர் அம்மாவும் லயத்துப் பெண்களோடு ஏலக்காய் எடுத்தவர்.

"ஐயோ," என்றார் மெல்ல. பிறகு எங்கள் தமிழில் சொன்னார். "லயம் இல்லத்தா. லயனம். லயனம்னா சேக்குறது. இந்தச் சென்டரையும் கீழ டவுன்ல இருக்குற சென்டரையும் ஒண்ணாச் சேத்துப்புடுவாக."

"சேத்தா, முக்குல இருக்குறது?"

மெம்பர் அதிகாரியைப் பார்த்தார்.

"ஜீப்பு?" என்றார் மதினி.

இதற்குப் பதில் அதிகாரியிடமிருந்து மலையாளத்தில் வந்தது, மெம்பர் அதைச் சுருக்கவில்லை. சிஸ்டர் கீழே இருப்பார். ஜீப்பும் கீழே நிற்கும். தேவைப்படுகிறவர்கள் முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லவேண்டும். வண்டி இருக்கிற நாளில் வரும். இல்லையென்றால் நோயாளியைக் கீழே கொண்டு வரலாம்.

"கொண்டு வரலாம்," என்று மதினி திருப்பிச் சொன்னார். "நாற்காலியில."

அதன் பிறகு ஹாலில் யார் பேசினார்கள் என்று பிரிக்க முடியவில்லை. அதிகாரி, சம்மதம் கிடைத்துவிட்டது, கை தூக்கியதைப் பார்த்தேன் என்றார். யூனியன்காரர் பெஞ்சின்மேல் ஏறினார்.

"தூக்குன கைய எப்பவோ எறக்கியாச்சு சார்! எறங்குன கை செல்லாது!"

"ரெண்டு கை தூக்குன ஆளு சொல்றாரு, கேட்டுக்கங்க," என்றார் பின்னாலிருந்து பாய்.

"ஒன்னு நான் தூக்குனது பாய். இன்னொன்னு கிளப்பிவிட்டது நீங்க!"

அதில்தான் அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. கதவை யாரும் அடைக்கவில்லை, வாசலை விட்டு விலகவும் இல்லை. கடைசியில், மேலே எழுதிக் கேட்கிறேன், அதுவரை எதையும் மாற்றமாட்டோம் என்று அதிகாரி சொன்ன பிறகுதான் வழி விட்டார்கள். அவர் குடையை மறந்துவிட்டுப் போனார். அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள்.

வேண்டுமென்றே அந்தச் சொல்லைப் போட்டார்களா என்று டீக்கடையில் இன்றும் பேச்சு நடக்கிறது. பாய், ஆமாம் என்கிறார். நான் மெம்பரின் முகத்தைப் பார்த்தவன். அவர் ஏமாற்றவில்லை என்று நினைக்கிறேன். அதிகாரிக்கு லயனம் என்பது தினமும் எழுதுகிற சாதாரணச் சொல். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவ்வளவு நேரம் பேசியவர் 'பூட்டுவோம்' என்ற சொல்லை ஒரு முறையும் சொல்லவில்லை. மலையாளத்திலும் பூட்டு பூட்டுதான். அதைச் சொல்லியிருந்தால் மெம்பர் மொழிபெயர்க்கவே வேண்டியிருந்திருக்காது.

எங்கள் தமிழில் ஆட்கள் பாட்டில் லயிப்பார்கள். லயித்தவர் எங்கேயும் போகவில்லை, நம் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். ஆனால் கூப்பிட்டால் கேட்காது. லயிப்பும் லயனமும் ஒரே வேரிலிருந்து வந்தவைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த முறை ஜீப் வரவேண்டிய காலையில் மதினி வேலைக்குப் போகவில்லை. காய் எடுப்பு நடக்கிற சமயம், ஒரு நாள் விட்டால் கூலியும் போகும், சூப்பர்வைசரின் முகமும் மாறும். வளைவு தெரிகிற கல்லின்மேல் குடை பிடித்து நின்றிருந்தார். மழை விட்டபோதும் குடையை மடக்கவில்லை.

ஜீப் வந்தது. சிஸ்டர் இறங்கி, செருப்பைக் கழற்றி, உள்ளே போனார். நான் சுடுதண்ணீர் கொண்டுபோய் வாசலில் வைத்தேன். வேலை முடிந்து கையுறையைச் சுருட்டிக்கொண்டு அவர் வெளியே வந்ததும் மதினி டீ கொடுத்தார். சிஸ்டர் கோட்டயம் பக்கத்துக்காரர். எங்கள் தமிழ் முழுக்கப் புரியாது, ஆனால் மதினியின் முகம் புரியும்.

"மேலேந்து ஆர்டர் ஒண்ணும் வந்தில்ல சேச்சி. இப்ப எனக்கு ரெண்டு எடத்திலயும் டியூட்டி. பேடிக்கண்டா, பயப்பட வேண்டாம். அடுத்த மாசமும் வரும்."

"அடுத்த மாசம் வருவீக. அதுக்கு அடுத்த மாசம்?"

சிஸ்டர் டீயை ஒரு வாய் குடித்தார். "இதொக்க தால்க்காலிகம் அல்லே."

நான் பொருள் சொல்ல வாயெடுத்தேன். மதினி கையைக் காட்டி நிறுத்தினார்.

"தற்காலிகம். அது எனக்கே தெரியும்ப்பா." பிறகு சிஸ்டர் பக்கம் திரும்பி, நிதானமாகக் கேட்டார். "உங்க பாஷையில அதுக்கு வேற அர்த்தம் எதாச்சும் இருக்கா?"

சிஸ்டர் சிரித்தார். "இல்ல சேச்சி. ரெண்டுலயும் ஒண்ணுதான்."

மதினி சிரிக்கவில்லை. ஜீப் வளைவு திரும்பி மறைந்த பிறகு, சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து நிமிர்த்தினார். ஒவ்வொரு காலாக அழுத்தி, ஆட்டிப் பார்த்தார். ஒரு காலில் விரிசல் இருந்தது. "இதுக்கு ஒரு கம்பி கட்டித் தாப்பா," என்றார்.