உன்ரை வீடோ இது?

பரிஸில் இலங்கைத் தமிழரின் கடைகள் நிறைந்த லாஷப்பலில் ஒரு கட்டடத்துக்கு நாங்கள் குடிவந்தது 2010ஆம் ஆண்டு. குடிவந்தோம் என்பதைவிட, நான் வேலைக்கு வந்தேன், வீடு வேலையோடு வந்தது என்று சொல்வதுதான் சரி. ஆறு மாடிக் கட்டடம். படிக்கட்டுக் கழுவ, குப்பைத்தொட்டிகளைத் தெருவுக்கு இழுத்து வைக்க, கடிதங்களை வீடு வீடாகப் பிரித்துப் போட, வாசலைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெரிய கதவுக்கு உள்ளே, முற்றத்தைப் பார்த்தபடி ஓர் அறையும் சமைக்கக் குசினியுமாகச் சின்ன வீடு ஒன்று கொடுப்பார்கள். லோஜ் என்பார்கள் அதை.

அதற்கு முன்னர் பரிஸுக்கு வெளியே ஓல்னேயில் இன்னொரு குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தோம். குளிக்கவும் முறை, சமைக்கவும் முறை. லோஜ் கிடைத்ததும் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. மகளின் பள்ளிக்கூடம் தெருமுனையில், கணவர் வேலைசெய்யும் உணவகம் பத்து நிமிட நடை. கனடாவில் இருக்கும் அக்காவுக்குப் போன் எடுத்து, பரிஸ் நகரத்துக்குள்ளேயே வீடு கிடைத்துவிட்டது என்று பெருமையடித்தேன். என்ன வேலைக்கு என்று அவ கேட்டபோது, இங்கே சத்தம், பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை வந்தால் எனக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கும். அன்றைக்குத்தான் ஆர்ஜொந்தெய், வில்லியே லே பெல் என்று எல்லாப் புறநகரிலிருந்தும் எங்கள் சனம் மரக்கறியும் மீனும் வாங்க லாஷப்பலுக்கு வரும். வரட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் எங்கள் பெரிய கதவு கடைகளுக்கு நடுவில் இருக்கிறது. கதவைத் திறக்கும் இலக்கம் கடைக்காரர் எல்லாருக்கும் மனப்பாடம். படிக்கட்டில் வரிசையாக இருந்து ரோல்ஸ் தின்பார்கள். எண்ணெய்க் கடதாசியைச் சுருட்டிப் பூச்சாடிக்குள் செருகுவார்கள். அரிசி மூட்டையைக் கடிதப்பெட்டிகளுக்குக் கீழே வைத்துவிட்டு இரண்டு மணித்தியாலம் காணாமல் போவார்கள். குப்பைத்தொட்டி அறைக்குள் ஆண்கள் எதற்குப் போய்வருகிறார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. திங்கட்கிழமை காலையில் அதைத் தேய்த்துக் கழுவுகிறவள் நான்தானே. கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில், அஞ்சு நிமிசம் அக்கா.

தனியார் இடம், உள்ளே வரக்கூடாது என்று மகளைக் கொண்டு பிரெஞ்சில் எழுதி ஒட்டினேன். யாரோ அதிலேயே சிகரெட்டைக் குத்தி நூர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நானும் பிரெஞ்சில்தான் சத்தம் போட்டேன். பிரெஞ்சில் ஏசினால் ஓர் அதிகாரம் வருமென்று நினைப்பு. என்னுடைய பிரெஞ்சைக் கேட்டு அவர்கள் சிரித்தார்கள். எனக்கோ கோபம் மூக்கு நுனியில் நிற்கும். சிரித்தால் இன்னும் கத்துவேன், கத்தினால் இன்னும் சிரிப்பார்கள்.

இரண்டாம் மாடியில் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் இருந்தார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எப்போதும் மடிப்புக் குலையாத சட்டை. கட்டடத்தின் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். நான் அவரை முசியே என்பேன், அவர் என்னை மதாம் என்பார். குப்பையைக் காணும்போதெல்லாம், உங்க ஆளுங்கதானே மதாம் என்பார். சுருக்கென்று தைக்கும். ஆனால் உண்மை, எங்கள் ஆட்கள்தான்.

செப்டெம்பர் கடைசியில் அவர் லோஜ் ஜன்னலைத் தட்டினார். வருகிற ஜூன் மாதம் சொந்தக்காரர்களின் கூட்டம். லோஜை மூடிவிட்டு வேலையை ஒரு துப்புரவுக் கம்பெனிக்குக் கொடுப்பதா என்று ஓட்டெடுப்பு. "நான் கொண்டுவரல மதாம்" என்றார். "ஆனா எதிர்த்துப் பேச எங்கிட்ட என்ன இருக்கு? முற்றத்தப் பாருங்க." அவர் போன பிறகு நான் முற்றத்தைப் பார்க்கவில்லை. மகளின் புத்தகங்கள் அடுக்கியிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லோஜ் போனால் வேலையும் போய்விடும், வீடும் போய்விடும், மறுபடி யாருடைய குசினியிலோ முறை பார்த்து நிற்க வேண்டும்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, மூன்று பேர் படிக்கட்டை அடைத்துக்கொண்டு இருந்தார்கள். மூன்றாம் மாடி வயதான மதாம் ஊன்றுகோலோடு மேலே ஏற முடியாமல் நிற்கிறா. நடுவில் இருந்தவன் தோல் ஜக்கெற் போட்டவன், முப்பது வயதிருக்கும். காலை நீட்டியபடி இருந்தானே ஒழிய மடக்கவில்லை. நான் கூட்டுகிற தும்புத்தடியோடு போய் எழும்பச் சொன்னேன், பிரெஞ்சில்தான். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உன்ரை வீடோ இது? கூட்டுறதுக்குத்தானே உன்னை வைச்சிருக்கிறாங்கள்."

உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. கூடப்பிறந்த அக்காவுக்கே சொல்லாமல் மறைத்த ஒன்றை, முன்பின் தெரியாதவன் ரோல்ஸ் தின்றுகொண்டு சொல்கிறான். தும்புத்தடியைச் சுவரில் சாத்தினேன். முதல்தடவையாகத் தமிழில், மெதுவாகக் கேட்டேன்.

"தம்பி, ஊரிலை எவ்விடம்?"

எங்கள் ஆட்களுக்கு இந்தக் கேள்வி காதில் விழுந்தால் வாய் தன்பாட்டில் பதில் சொல்லிவிடும். அவனும் ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டான். எனக்குத் தெரிந்த ஊர். என் மாமி ஒருத்தி அங்கேதான் கலியாணம் செய்தவ. அதிலே எந்தப் பக்கம் என்று கேட்டேன், கோயிலடியோ, ரோட்டுக்கு அங்காலோ? அவன் முகம் மாறியது. அப்பாவின் பெயர் என்ன என்றேன். அவன் எழுந்தான். பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று வெளியே போனான். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். ஊரில் விசாரித்து அவன் தாய்க்குப் போன் எடுத்துச் சொல்லிவிடுவேன் என்று பயந்துவிட்டான் என நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அதுதான் என் ஆயுதம். பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றும் பேனையுமாக வாசலில் நிற்பேன். ஊரிலை எவ்விடம்? எந்தப் பக்கம்? மூன்றாவது கேள்விவரை யாரும் நின்றதில்லை. ஒருவன் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில், நான் இந்தியா அக்கா என்றுவிட்டு ஓடினான். அந்தக் கதவுக்குள் போகாதை, அங்கை ஒரு மனுசி ஊர் விசாரிக்கும் என்று கடைகளில் கதை பரவியது. டிசம்பரில் நத்தார் வருவதற்குள் முற்றம் கழுவி விட்ட தட்டம் மாதிரி இருந்தது. என்ன மந்திரம் மதாம் என்று முசியே கேட்டார். எனக்குக் கெப்பர் தலைக்கேறியது.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கொட்டுகிற மழை. குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தால், கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு அவன் நிற்கிறான். அதே தோல் ஜக்கெற், காலடியில் இரண்டு அரிசி மூட்டைகள். தலையிலிருந்து தண்ணீர் ஓடுகிறது. கதவு விரியத் திறந்திருக்கிறது, அவன் உள்ளே வரவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது. மழை விடும்வரை உள்ளே வந்து நிற்கச் சொன்னேன்.

"வேண்டாம் அக்கா" என்றான். குரலில் கோபமே இல்லை. "ஊரிலையும் உங்கடை ஆக்களின்ரை படலைக்கு வெளியிலை நிண்டுதான் எங்களுக்குப் பழக்கம். எந்தப் பக்கமெண்டு கேட்டனீங்கள். அந்தப் பக்கம்தான்."

மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் நடந்தான். நான் தொட்டியைப் பிடித்தபடி நின்றேன்.

எந்தப் பக்கம் என்ற கேள்வி எதற்கு என்று எனக்குத் தெரியாதா? எங்கள் ஊர்களில் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு சாதி. பக்கத்தைக் கேட்டால் சாதியைக் கேட்கத் தேவையில்லை. பரிஸிலும் கலியாணம் பேசும்போது, வீடு வாடகைக்குக் கொடுக்கும்போது, எங்கள் ஆட்கள் அப்படித்தான் சுற்றிவளைத்துக் கேட்பார்கள். நான் படிக்கட்டைத் துப்புரவாக வைக்க அதையே ஆட்கள்மேல் எடுத்து வீசியிருக்கிறேன். ஓடியவர்களில் எத்தனை பேர் தாய்க்குப் பயந்து ஓடினார்கள், எத்தனை பேர் அந்த இரண்டாவது கேள்விக்காக ஓடினார்கள்? கொப்பியில் ஓர் எழுத்தும் எழுதியதில்லை. அதைக் குப்பையில் போட்டேன்.

அன்று முழுக்க இன்னொன்றும் மனதை விட்டுப் போகவில்லை. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு முற்றம் கூட்ட ஓர் அம்மா வருவா. முற்றம் வரைக்கும்தான், விறாந்தையில் ஏறமாட்டா. அவவுக்கு என் தாயின் வயது, எனக்கு எட்டு வயது, நான் அவவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். கூட்டுகிறவள் என்று அவன் சொன்னபோது எனக்கு ஏன் அப்படிக் கொதித்தது என்று இப்போது விளங்கியது. விளங்கியபோது வெட்கமாக இருந்தது. அவன் வாய்த்துடுக்கு வாய்த்துடுக்குத்தான், அதை நான் மறக்கவில்லை. ஆனால் நான் செய்தது அதைவிடக் கேவலம்.

சரி, இனி என்ன செய்வது? ஜூனுக்கு மூன்று மாதம் இருந்தது. கணவரிடம் சொன்னேன். அவர் பகிடியாக, ஜூன் முடியட்டும், பிறகு நல்லவளாக வாழலாம் என்றார். அந்த யோசனை எனக்கும் வந்ததுதான். வீட்டை விட்டுக் கொடுத்து நல்லவளாக வேண்டுமா என்று இரண்டு மூன்று நாள் குழம்பினேன்.

அடுத்த சனிக்கிழமை நாலு பேர் உள்ளே வந்தார்கள். பழைய கேள்வி நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். வீட்டுக்கு யாரும் வந்தால் கேட்கிறதைக் கேட்டேன்.

"வாங்கோ. ஆரிட்டை வந்தனீங்கள்?"

அவர்கள் திகைத்துவிட்டார்கள். யாரிடமும் இல்லை என்று ஒருவர் முணுமுணுத்தார். அப்போ என்ன வேணும் என்றேன். அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒருவருக்கு அவசரமாக ரொய்லெற் போகவேண்டும். ஒருவருக்கு மூட்டை பாரம், இன்னும் மீன்கடைக்குப் போகவேண்டும். அம்மா ஒருவருக்கு முழங்கால் வலி, கொஞ்சம் இருக்கவேண்டும். இவ்வளவு நாளும் கத்தினேனே தவிர, என்ன வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. மெட்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் பொது ரொய்லெற்றைக் காட்டிவிட்டேன், பொத்தானை அமத்தினால் கதவு திறக்கும் என்றும் சொல்லிக்கொடுத்தேன். மூட்டைகளை லோஜின் மூலையில் வைத்து, ஐந்து மணிக்குள் எடுக்கச் சொன்னேன். முழங்கால் அம்மாவுக்கு என் கதிரையைப் போட்டேன்.

எல்லாரும் தங்கமானவர்கள் இல்லை. முறைத்தவர்கள் முறைத்தார்கள், வாய்க்கு வந்ததைச் சொன்னவர்களும் இருந்தார்கள். இது மனிதர் இருக்கிற வீடு, வீட்டில் இருக்கிற மாதிரி இருக்க முடியாதென்றால் வெளிக்கிடுங்கோ என்று சொல்லிவிட்டு, அவர்கள் போகும்வரை இடுப்பில் கைவைத்து நின்றேன். குளிர்காலத்தில் இருந்த துப்புரவு இல்லை. கடதாசிகள் மறுபடி பூச்சாடிக்கு வந்தன. மந்திரம் போயிடுச்சா என்று முசியே கேட்டார்.

அவரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார். "எங்க தாத்தா காலத்துல சர்ச்சுக்குள்ளேயே சாதி பிரிக்க நடுவுல சுவர் இருந்துச்சாம் மதாம்" என்றார். "நாம எந்தப் பக்கம்னு நான் அப்பாகிட்ட கேட்டேன். அவர் சொல்லல." அடுத்த கிழமை முசியே கதவின் இலக்கத்தை மாற்றினார். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்படி பூட்டுக்காரரையும் அழைத்துவந்தார்.

ஜூன் கூட்டம் வேறு இடத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எனக்கு அங்கே இடமில்லை, நான் சொந்தக்காரி இல்லையே. பிரித்து முடித்த கடிதங்களையே மறுபடி எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். முசியே வந்து ஜன்னலைத் தட்டினார்.

"ஓட்டு முடிஞ்சுது. நீங்க இருக்கீங்க மதாம்."

கம்பெனிக்காரன் படியைத் துடைத்துவிட்டுப் போய்விடுவான், வருகிறவர்களிடம் யாரைப் பார்க்கவேண்டும் என்று அவனா கேட்கப் போகிறான் என்று அவர் கூட்டத்தில் கேட்டாராம். மூன்றாம் மாடி மதாம் ஊன்றுகோலையே உயர்த்தி ஓட்டுப் போட்டாவாம். நான் அந்த இடத்திலேயே அழுதேன். பிறகு கனடாவுக்குப் போன் எடுத்து, நான் கட்டடம் கூட்டித் துடைக்கிற வேலை செய்கிறேன் அக்கா, அதோடுதான் இந்த வீடு என்றேன். தெரியுமடி, உன்ரை மனுசன் அப்பவே சொன்னவர் என்றா அக்கா.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் பெரிய கதவிலிருந்து லோஜின் மணி அடித்தது. ஒருவரும் அதுவரை மணி அடித்து வந்ததில்லை. திறந்தால் அவன். தோல் ஜக்கெற் இல்லை, பக்கத்தில் வயிறு தள்ளிய மனைவி. மெட்ரோ ரொய்லெற் பூட்டிக் கிடக்கிறது, இவவுக்கு அடக்க ஏலாமல் இருக்கிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் என் ரொய்லெற்றைக் காட்டினேன். திரும்பி வந்தால், அவன் லோஜ் வாசலுக்கு வெளியே, முற்றத்தில் நிற்கிறான்.

மூன்று மாதமாக மனதுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான்.

"தம்பி, அண்டைக்கு நான் கேட்டது பிழை" என்றேன்.

"நான் முதல் சொன்னதும் பிழைதான் அக்கா."

"நீர் அண்டைக்குக் கேட்டதுக்கு நான் இன்னும் மறுமொழி சொல்லேல்லை. இது என்ரை வீடுதான். உள்ளுக்கை வாரும்."

அவன் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான். கழற்றாமலே வரலாம் என்றேன், கேட்கவில்லை. இரண்டையும் சோடியாக என் மகளின் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, உள்ளே வந்து கதிரையில் இருந்தான்.