ஒனேலியா அணைத்த அடுப்பு

அந்தப் பைன் காட்டுப் பூங்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் ஒனேலியாவுக்கு வைத்திருக்கும் பெயர்களை அச்சில் ஏற்ற முடியாது. ஏற்றக்கூடியதில் மரியாதையானது 'சிடுமூஞ்சி'. லா பால்மா தீவின் மலைமேல், எரிமலை கக்கிய கறுப்பு மண்ணில் கட்டியிருக்கும் கல்லடுப்புகளுக்கு அவள்தான் காவல். விறகுக் கொட்டகைச் சாவியும் அவளிடம்தான். வீட்டில் நல்ல அடுப்பு இருப்பவன்கூட ஞாயிறானால் குடும்பத்தோடு மலையேறி வந்து இங்கேதான் கறி சுடுவான். வந்தவனை "காட்டைக் கொளுத்தாம வீடு போய்ச் சேரு" என்றுதான் அவள் வரவேற்பாள்.

அவளுக்குப் பிள்ளையில்லை. வெனிசுவேலாவுக்குப் பிழைக்கப் போன புருஷன் போனவன்தான். மிச்சமிருப்பது ஒரே தம்பி எவேலியோ. அவனும் எட்டு வருஷமாக அவளோடு பேசுவதில்லை. ஓர் ஆகஸ்டு மாதம் அவன் தோட்டத்தில் திராட்சைச் சருகைக் கொளுத்தப் போய், தீ காட்டுக்குள் ஏறிவிட்டது. யார் வைத்தது என்று காவலர்கள் கேட்டபோது ஊரே வாயைத் தைத்துக்கொண்டது. ஒனேலியா சொல்லிவிட்டாள். தம்பி சிறைக்குப் போனான். எரிந்த பைன் மரங்கள் அடுத்த வருஷமே துளிர்த்தன, அந்த மரத்தின் வாகு அப்படி. எவேலியோவின் மனசு துளிர்க்கவில்லை.

இப்போது அவன் மகள் யுரேனாவுக்குப் பெண் குழந்தை. ஞானஸ்நானத்தில் அத்தைதான் ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று அவள் அப்பனோடு மல்லுக்கட்டினாள். "பூங்காவில விருந்து வை. அவ எப்படி நடந்துக்கறான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று எவேலியோ உறுமினான்.

விருந்து நாளன்று காரைவிட்டு இறங்கியதும் யுரேனா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு ஒரு நாள் அப்பாவை எதுவும் சொல்லிடாத அத்தை. அடுத்த ஞாயிறு கோயில்ல இவளை நீதான் ஏந்தணும்."

"நான் என்னத்தடி சொல்லப்போறேன்? வாயில பைன் பிசினைப் பூசிக்கிறேன், போ."

எவேலியோ விறகுக்கு வந்தான். அக்காவைப் பார்க்காமல் தன் நாயைப் பார்த்துச் சொன்னான்: "துர்க்கோ, காய்ஞ்ச கட்டையா குடுக்கச் சொல்லு. ஈரக்கட்டையைத் தலையில கட்டிடப் போறா."

நாக்கு நுனிவரை வந்ததை ஒனேலியா விழுங்கினாள். "துர்க்கோ, இருக்கறதுலயே நல்ல கட்டைதான்னு சொல்லு."

நாய் கொட்டாவி விட்டது.

மத்தியானத்துக்குள் குழந்தை ஒனேலியாவின் மடியில் தூங்கிவிட்டது. எவேலியோ பார்த்தான். "பரவால்ல துர்க்கோ, கீழ போடாமத்தான் வச்சிருக்கா" என்றான். அது சம்மதம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒனேலியா குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் காற்று திரும்பியது. கடல் காற்று நின்று, மலைக்கு மேலிருந்து வறண்ட அனல் இறங்கியது. எல்லா அடுப்பையும் உடனே அணைக்கச் சொல்லி அவள் வாக்கி டாக்கி கரகரத்தது. குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு வாளியை எடுத்தாள். மற்றக் குடும்பங்கள் அவளுடைய ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே அணைத்தன.

எவேலியோவின் பானையில் ஊருக்கே போடுகிற ஆட்டுக்கறி அரைவேக்காட்டில் கிடந்தது.

"துர்க்கோ, இன்னும் அரை மணி நேரத்துல வெந்துடும். அதுவரைக்கும் அந்தப் பக்கம் போய் நிக்கச் சொல்லு."

"மதினி, குழந்தைக்காகவாவது கண்டுக்காம போயேன்" என்றாள் அவன் மனைவி.

யுரேனா வேண்டாம் என்று தலையசைத்தாள். ஒனேலியாவுக்கு அந்தக் குழந்தை வேண்டும். வாழ்க்கையில் வேறு எதையும் அவள் இத்தனை ஆசையாகக் கேட்டதில்லை. அரை மணி நேரம் அந்தப் பக்கம் போய் நின்றால் போதும். அடுப்புகளைத் தாண்டிக் காட்டுக்குள் பைன் சருகு முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. வாளியைக் கவிழ்த்தாள்.

சாம்பல் பொங்கிப் பானைக்குள் விழுந்தது. எவேலியோவுக்கு நாய் மறந்துபோனது.

"எட்டு வருஷம் உங்கூடப் பேசாததுக்குக் காத்திருந்து தீத்துக்கிட்டியாடி!"

"ஏன்டா, ஒரு தடவை உள்ள போனது பத்தலையா?" என்று கத்தினாள் ஒனேலியா. "இன்னொரு தடவை போகணுமா?"

ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் காற்று தானாக அடங்கியது. தீவில் எங்கும் ஒரு சுள்ளிகூடப் பற்றவில்லை. "வீணா சோத்துல மண்ணைப் போட்டா" என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் கார் ஏறினார்கள்.

யுரேனா மட்டும் குழந்தையில்லாமல் வந்தாள். "தண்ணி ஊத்துனதைக்கூடப் பொறுத்துக்கிட்டிருப்பாரு, அத்தை. அந்த வார்த்தையை ஏன் சொன்ன?"

"வந்துடுச்சுடி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

யுரேனா திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அடுத்த ஞாயிறு விடியும்போதே மூடுபனி ஏறிக் காடு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. எண்ணெய் ஊற்றினாலும் தீப்பிடிக்காது. கடவுளுக்கும் அவள்மேல் ஏதோ கோபம் போல. ஒனேலியா கொட்டகையைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். ஊரே ஞானஸ்நானத்துக்காகக் கீழே கோயிலில் இருந்தது. காட்டில் அவளுக்குத் திட்டுவதற்குக்கூட ஓர் ஆள் இல்லை.