பெருவிரலில் கட்டிய நூல்

கச்சபேசுவரர் கோயிலைத் தாண்டி நாற்பது அடி நடந்த பிறகுதான் உமாபதிக்கு விஷயம் தெரிந்தது. அதுவும் பூக்காரி கூப்பிட்டுச் சொன்னதால்.

"யோவ், உன் செருப்பு இங்க கெடக்குது பாரு. ஒத்தச் செருப்போட எங்க போய்க்கினு இருக்கற?"

இடது கால் செருப்பு அவள் கூடைக்குப் பக்கத்தில் கிடந்தது. கழன்றது அவனுக்குத் தெரியவே இல்லை. குனிந்து பாதத்தின் மேல் கிள்ளிப் பார்த்தான். வேறு யாருடைய காலையோ கிள்ளினாற்போல் இருந்தது. நடுத்தெருவில் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

அறுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி அது. பிள்ளையார்பாளையத்தில் உமாபதியின் நெசவைக் குறை சொன்னவர் கிடையாது. ஆள் கோழையும் அல்ல. கால் விட்டு மிதிக்கும் தறிக்குழிக்குள் பாம்பு வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கிறவன். அவன் பயந்தது ஒன்றே ஒன்றுக்கு. அப்பா கலியாணசுந்தரத்துக்கும் முதலில் இடது கால்தான் இழுத்தது. மறுநாள் கை போயிற்று, வாய் கோணியது. அப்புறம் நாலு வருஷம் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். அந்த நாலு வருஷமும் கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, துடைத்துவிட்டவள் உமாபதியின் மனைவி கமலவேணி. மாமனார் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவளிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது?

சொல்லவில்லை. பாதம் தூக்க வராமல் தொங்கியது. விரல் தரையில் தட்டித் தடுக்கியது. நெசவுக்காரன் புத்தி சும்மா இருக்குமா? கழிவுப் பட்டு நூலை முறுக்கி, பெருவிரலில் ஒரு முடிச்சு, முழங்காலுக்குக் கீழே ஒரு முடிச்சு போட்டுப் பாதத்தை இழுத்துக் கட்டினான். வேட்டியைத் தழைய விட்டுக்கொண்டான். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு. தறியில் உட்காரும்போது, நோய்க் காலுக்கு ஓய்வு வேண்டும் என்று அதை இன்னும் கெட்டியாக மடக்கி வைத்துக்கொண்டான்.

அந்த வாரம் கமலவேணியின் போக்கும் ஒரு மாதிரியாக இருந்தது. காபி டம்ளரை அவன் இடது கைக்கு நேராக நீட்டி, அந்தக் கையால் வாங்கும்வரை விடமாட்டாள். சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து அவன் வாயையே பார்ப்பாள்.

"கொஞ்சம் சிரிங்களேன், பாக்கலாம்."

"இன்னாத்துக்கு?"

"சும்மாதான். சிரிச்சா இன்னா கொறஞ்சா பூடும்?"

சிரித்துவைத்தான். இவளுக்கு என்ன வந்தது என்று எரிச்சல்தான் மிஞ்சியது.

எட்டாம் நாள் காலை நூல் அறுந்து வாசற்படியில் குப்புற விழுந்தான். ஓடிவந்த கமலவேணி, வேட்டி விலகிய காலையும் அதில் தொங்கிய நூலையும் பார்த்தாள். "எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள். ரிக்‌ஷாவில் இருவரும் ஏறினார்கள். அப்பா கிடந்த கட்டில் இன்னும் பின்கட்டில்தான் இருக்கிறது என்ற நினைப்பு வழியெல்லாம் அவனை விடவில்லை.

"பல்லைக் காட்டுப்பா," என்றார் டாக்டர். "ரெண்டு கையையும் நீட்டு. இடது கையால என் விரலை இறுக்கிப் பிடி." பிறகு முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்புக்கு அருகே விரலால் தட்டினார். பாதம்வரை சுரீரென்று மின்சாரம் ஓடியது. உமாபதி அலறிவிட்டான்.

"தறியில எப்படி உட்காருவ?"

மழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறி நின்றதைச் சொன்னான். கல்யாணப் புடவை, நிறுத்த முடியாது. வலது காலை மட்டும் தண்ணீரில் விட்டு மிதித்தான். இடது காலை மடக்கி, குழி விளிம்பில் போட்ட பலகைமேல் வைத்துக்கொண்டான். பதினைந்து நாளுக்கு மேல், காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை.

"அதான். இது பக்கவாதம் இல்ல. பாதத்தைத் தூக்கற தசை முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் இருக்கு. அதுக்கு உத்தரவு கொண்டுபோற நரம்பு இந்த எலும்பைச் சுத்தித்தான் போகுது. மேல வெறும் தோல்தான். பலகை அதை நசுக்கிடுச்சு. தசை நல்லாத்தான் இருக்கு, உத்தரவுதான் வரல."

"திரும்ப வருமா சார்?"

"பெரும்பாலும் வரும். ரெண்டு மூணு மாசம் ஆகலாம். காலை மடக்காதே."

பெரும்பாலும் என்ற சொல் உமாபதியின் நெஞ்சில் முள்ளாக மாட்டிக்கொண்டது. வெளியே வந்ததும்தான் அவனுக்கு மற்றது உறைத்தது. பல்லைக் காட்டு, இடது கையை நீட்டு. எட்டு நாளாக வீட்டில் நடந்தது இதேதான்.

"ஒனக்கு எப்பவே தெரியுமா?"

"மொத நாளே. வாசக் கோலத்துல உங்க வெரல் இழுத்த கோடு இருந்துது."

"சொல்லக் கூடாதா?"

"சொன்னா நெசமாயிடும்னு பயந்துக்கினு இருந்தேன். நீங்க இன்னாத்துக்குச் சொல்லல?"

அவன் குனிந்து, காலில் மிச்சமிருந்த நூலை அவிழ்த்துப் போட்டான்.

அதன்பின் தினமும் விடிந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து பெருவிரலை அசையச் சொல்வான். அசையாது. கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. ஒவ்வொரு காலையும் பயம் முதலிலிருந்து தொடங்கியது. தை பிறந்து நாலாம் நாள், விரல் ஓர் அரிசி உயரம் எழும்பி விழுந்தது. கண்ணை நம்பாமல் மறுபடி சொன்னான். மறுபடி எழும்பியது.

"கமலா!"

கோலமாவுக் கையோடு ஓடிவந்தாள். அவன் காட்டினான், அவள் பார்த்தாள்.

"இப்ப நீ சிரி, பாக்கலாம்" என்றான்.

அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள். மாமனார் கிடந்த நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அழாதவளுக்கு, அழுகை முட்டி வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போயிற்று.