எழுந்தால் போய்விடும் பாயிண்ட்

நாற்காலியை விட்டு எழுந்தால் என் அபிமான டென்னிஸ் வீரர் தோற்றுவிடுவார் என்று நம்பிய மடையன் நான். அன்று கிள்ளான் ரயில் நிலையத்துக்கு எதிரே, மாமாக் சாப்பாட்டுக் கடை டிவியில் மேட்ச் பாயிண்ட். பந்து வலைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் போய்வந்ததே தவிர, முடிகிற வழியாய் இல்லை. அந்த நேரம் பார்த்து, ரயிலிலிருந்து இறங்கிய மனைவி போனில் கத்தினாள்.

"மழையில நிக்கிறேன், எங்கங்க இருக்கீங்க?"

"ஜாம்லா! நகரவே முடியல!"

லோப், டிராப் எல்லாம் போட்டார்கள். என் தே தாரேக் டீ ஆறி ஆடை கட்டியது. கடைசியில் கோட்டோரம் ஓர் அடி. ஜெயித்துவிட்டார்! மேசையைத் தட்டிக் கத்தினேன்.

பின்னால் மனைவி, சொட்டச் சொட்ட.

"இதான் ஜாமா? இது நேத்து மேட்சுங்க. நான் முழுசாப் பார்த்தேன்."

நேற்று அவர் ஜெயித்தபோது நான் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.