அவசரமில்லாத மீன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊரை விட்டு வந்த புதிதில், டோர்செட் பார்க்கில் இருந்தோம். ஒரு பஸ் தூரத்தில் மீன் வெட்டும் பக்டரி. அங்கேதான் எனக்கு வேலை. ஈரி ஏரியிலிருந்து லொறியில் மீன் வரும். பேர்ச் என்று பெயர். மஞ்சள் உடம்பு, கறுப்புக் கோடு, கையளவு நீளம். முள் நீக்கித் தட்டில் அடுக்க வேண்டும். மேசையில் நின்றவர்கள் எல்லாரும் எங்கள் பெண்கள்.

எனக்குப் பக்கத்தில் நின்றவள் மன்னார்ப் பக்கம். தகப்பன் கடல்தொழில். அந்த வருடம் அவள் வயிற்றில் பிள்ளை. பிள்ளைப்பேற்றுக்கு அரசாங்கம் காசு கொடுக்கும். அதற்கு இத்தனை கிழமை வேலை செய்திருக்க வேண்டும். எத்தனை மணித்தியாலம் என்று பார்ப்பதில்லை, கிழமைதான் கணக்கு. அவளுக்கு மார்கழி வரை வேலை வேண்டும். புருஷனுக்கு வேலையில்லை. வயிறு தெரிந்த பிறகு வேறு இடத்தில் எடுக்கவும் மாட்டார்கள்.

இலை கொட்டும் காலத்தில் காற்றே இல்லை. முதலாளியின் படகுகள் நாளும் போயின. லொறி நிறைய மீன். ஓவர்டைம் கிடைத்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

சூப்பர்வைசர் அண்ணை யாழ்ப்பாணத்து ஆள். தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார்.

“இந்தக் கணக்கில வெட்டினா ஐப்பசியோட கதவு பூட்டுத்தான்.”

“மீன் முடிஞ்சிடுமோ அண்ணை?” என்றாள் அவள்.

“மீன் கிடக்கு. முதலாளியின்ர பங்கு முடிஞ்சிடும். வருசத்துக்கு இவருக்கு இவ்வளவு நிறை, அவருக்கு அவ்வளவு எண்டு கோட்டா இருக்கு. கரையில நிறுத்துக் கழிப்பாங்கள். முடிஞ்சா முடிஞ்சதுதான். இல்லாட்டி மற்றவன்ர பங்கை வாங்கவேணும். வாடகைக்கும் எடுக்கலாம்.”

“தண்ணிக்குள்ள ஓடித் திரியிற மீனுக்கு உறுதி எழுதியிருக்கிறாங்களோ?”

“ஓம் பிள்ளை. காணி மாதிரித்தான்.”

“அப்ப இன்னொரு பங்கை வாங்கச் சொல்லுங்கோவன்.”

“அவங்கள் கேக்கிற விலைக்கு இந்தாள் வாங்காது.”

அந்தக் கிழமை அவள் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். ஏரியில் காற்று எழும்ப வேண்டும், படகு போகக் கூடாது.

“மீன் படக்கூடாதெண்டு நேர்த்தி வைச்ச முதல் கடல்காரி நீதான். கொப்பர் கேட்டா செருப்பால அடிப்பார்” என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். காற்று வரவில்லை.

ஒரு நாள் வெட்டிக்கொண்டு நின்றவள் கத்தியை வைத்தாள்.

“அக்கா, எங்கட ஊரில இண்டைக்கு நான் பிடிக்காட்டி நாளைக்கு மற்றவன் பிடிச்சிடுவான். இஞ்ச முதலாளியின்ர பங்கை ஒருத்தரும் தொடேலாதெல்லோ. பிறகென்ன அந்தரம், அவசரம்?”

“அண்ணையைக் கேள்” என்றேன்.

எல்லார் முன்னாலும் கேட்டாள். ஒரு படகைக் கட்டி வைக்கலாம். ஓவர்டைம் தேவையில்லை. அதே மீன், கூடக் கிழமை. அண்ணை முதலாளியிடம் சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னார்.

எதிரில் நின்றவளின் தம்பி இங்கே வருவதற்காகப் பாங்கொக்கில் ஏஜென்சிக்காரனிடம் காத்து நின்றான். அவளுடைய ஓவர்டைம் காசெல்லாம் அங்கேதான் போனது.

“உன்ர வயித்துக்காக என்ர தம்பி அங்க கிடந்து சாகிறதோ?” என்றாள்.

இவள் அடுத்த மீனை எடுத்தாள்.

அடுத்த கிழமை ஒரு படகு கட்டப்பட்டது. ஓவர்டைம் நின்றது. இவள் அண்ணைக்கு நன்றி சொல்லப் போனாள்.

“உன்ர வயித்தைப் பாத்து இல்லை பிள்ளை. ஒரேயடியா மீன் வந்து விலை விழுந்திட்டுது. அதுதான்.”

அதை ஒருவரும் நம்பவில்லை. எதிரில் நின்ற தம்பிக்காரி மேசையின் மற்ற முனைக்குப் போய்விட்டாள். இவளோடு பேச்சில்லை. நான் இரண்டு பேரோடும் பேசினேன். இரண்டு பேர் சொன்னதும் சரி மாதிரித்தான் இருந்தது.

பனி கொட்டியது. லொறி கொஞ்சம் கொஞ்சமாக மீன் கொண்டுவந்தது. மார்கழியில் பங்கு முடிந்தது. அவளுக்கு வேண்டிய கிழமைகள் வந்துவிட்டன. அரசாங்கக் காசுக்குக் காட்ட, அண்ணை வேலை நிற்பாட்டிய பேப்பரைக் கொடுத்தார். அவள் அதை மடித்துச் சட்டைக்குள் வைத்தாள்.

உடுப்பு மாற்றும் அறையில் வாங்குப் பலகையில் இருந்தாள். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். குனிய முடியவில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் தம்பிக்காரி அவள் முன்னால் குந்திவிட்டாள். ஒன்றை இழுத்தாள். மற்றதையும் இழுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. பூட்ஸைச் சுவரோரம் வைத்தாள். தன் குளிர்க்கோட்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.