எண்பது நிமிடம் பிரிக்காத கடிதம்

“உங்கப்பனுக்கு ஒண்ணுன்னா நீ வந்து நிக்கவா போற?” திண்டுக்கல் ஸ்டேஷனில் வண்டி கிளம்பும் நேரத்தில் அத்தை இப்படிக் கேட்டார். அம்மா இல்லாத என்னை வளர்த்தவர் அவர்தான். அப்பா துண்டை உதறி உதறி மடித்துக்கொண்டிருந்தார். “தந்தி அடிங்கத்தே, பறந்து வாரேன்” என்றேன். “ஆமா, இவ பெரிய குருவி” என்றார் அத்தை. செம்பட்டிப் பக்கம் தக்காளியும் கத்தரியும் போடும் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தக் கர்வத்தில் அத்தை கேட்டது எனக்கு வெறும் கேலியாகத்தான் பட்டது.

அமெரிக்காவில் இந்தச் சிறு நகரத்துக்கு வந்து இது மூன்றாவது குளிர்காலம். இங்கே தபால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கடிதங்கள் சத்தமில்லாமல் வந்து பெட்டியில் கிடக்கின்றன. சாவுச் செய்தியும் சோப்பு விளம்பரமும் ஒரே மாதிரி வெள்ளை உறையில் வருகின்றன. நம் ஊரில் அப்படி இல்லை. மூலையில் மஞ்சள் இருந்தால் கல்யாணம், கறுப்பு இருந்தால் சாவு. பிரிக்கும் முன்பே தெரிந்துவிடும். எழுதத் தெரிந்தவள் என்பதால் தெருவுக்கே நான்தான் கடிதம் எழுதிக் கொடுத்தேன். எத்தனையோ கார்டுகளின் மூலையில் என் விரலாலேயே மை தடவியிருக்கிறேன்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவை ஆராய்கிறேன். குளுக்கோஸையும் பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையையும் சேர்த்துக் கொடுத்தால், அது முதலில் குளுக்கோஸை மட்டும் தின்னும். லாக்டோஸை உடைக்கும் என்சைமைச் செய்யத் தேவையான ஜீன் அதனிடம் எப்போதும் உண்டு. ஆனால் அது அடங்கிக் கிடக்கும். குளுக்கோஸ் தீர்ந்ததும் வளர்ச்சி சற்று நேரம் நிற்கும். அப்போதுதான் அந்த ஜீன் விழிக்கும். அது விழிக்கும் நேரத்தைப் பிடிக்க ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குடுவையிலிருந்து சொட்டு எடுக்க வேண்டும். ஒன்று தவறினாலும் அன்றைய உழைப்பு வீண்.

போன மாதம் ஒரு காலை, சரியாக அந்த நேரத்தில், பக்கத்து மேசை மார்கரெட் ஒரு நீலக் கடிதத்தை நீட்டினாள். “உன் ஊரிலிருந்துதான். பாவம், வழியில் மை கொட்டிவிட்டது. துடைத்துத் தரட்டுமா?” நான்கு மூலையிலும் கறுப்பு. “வேண்டாம், ஒன்றுமில்லை” என்று சொல்லி வாங்கி, கோட்டுப் பையில் வைத்தேன். அடுத்த சொட்டை நேரம் பிசகாமல் எடுத்தேன். அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. செய்தி காதில் விழுந்தால்தானே தீட்டு, அப்போதுதானே தலைமுழுக வேண்டும், பிரிக்காதவரை யாரும் சாகவில்லை என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டேன். எண்பது நிமிடம் சொட்டு எடுத்தேன். சோதனைக் குழாய்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின. என்சைம் வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். இடையில் மனசுக்குள் ஒன்று ஓடியது: அத்தையாக இருக்கட்டும், அப்பாவாக இருக்கக் கூடாது.

கடைசிக் குழாயை வைத்த பிறகு கழிவறையில் நின்று பிரித்தேன். அத்தை சொல்லச் சொல்ல ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் அப்படியே எழுதியிருந்தார். “தாயி, உங்கப்பன் போய்ச் சேந்துட்டான். கெணத்து மேட்டுல செத்த நேரம் ஒக்காருறேன்னான், எந்திரிக்கல. காரியமெல்லாம் முடிஞ்சிருச்சு. தந்தி வேணாம்னு நாந்தான் சொன்னேன். அம்புட்டு தூரத்துல பிள்ள தவிச்சுப் போகும்னுட்டு. கடுதாசி கெடச்சதும் தலைக்கு ஊத்துனியா, எழுது. அது தெரியாம எனக்குச் சோறு எறங்கல.”

அன்று மாலை பேராசிரியர் என் வரைபடத்தைத் தூக்கிப் பிடித்து, இந்த ஆய்வகத்தில் இவ்வளவு சுத்தமான கோட்டைப் பார்த்ததில்லை என்றார். அச்சுக்கு அனுப்பப் போகிறாராம். என் முகம் வாடியிருப்பதைக் கண்டு மார்கரெட் காரணம் கேட்டாள். சொன்னேன். “நல்லவேளை, அப்போதே பிரிக்கவில்லை. உன் அப்பா பெருமைப்பட்டிருப்பார்” என்று கட்டிக்கொண்டாள். அவள் அன்பாகத்தான் சொன்னாள். நான் அவள் கையை விலக்கிவிட்டுக் குழாய்களைக் கழுவப் போனேன்.

அத்தைக்கு என்ன எழுதுவது? உடனே தலைமுழுகினேன் என்று ஒரே வரி எழுதினால் போதும், அவருக்குச் சோறு இறங்கும். இரண்டு முறை அப்படித்தான் எழுதினேன், இரண்டு முறையும் கிழித்தேன். மூன்றாவதில் எல்லாவற்றையும் எழுதினேன், செத்தது நீங்களாக இருக்கட்டும் என்று நினைத்ததையும்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. வாத்தியார்தான் வாசித்துக் காட்டுவார். பக்கத்து வீட்டார் நாலு பேர் கூடி நின்று கேட்பார்கள். ஊரில் நான் கடிதம் வாசித்துக் காட்டிய காலத்தில், மனம் நோகும் வரி வந்தால் சொல்லாமல் தாண்டிவிடுவேன். அவரும் தாண்டக்கூடும். அதனால் கடிதத்தின் மேலே எழுதினேன்: “வாத்தியார் ஐயா, ஒரு வரியும் விடாமல் வாசியுங்கள்.” பனி மூடிய தெருமுனைப் பெட்டியில் அதை நேற்றுப் போட்டுவிட்டேன்.